சிவப்பு மட்டும்

அந்த ஸ்கிரிப்டைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. மொத்தம் அறுபது வரி. கறுப்புத் திரையில் அதன் பெயரை அடித்து, பக்கத்தில் இரண்டு கோப்புகளின் பெயரைக் கொடுத்தால் போதும். முதல் கோப்பில் இருந்து இரண்டாவதில் காணாமல் போன வரிக்கு முன்னால் கழித்தல் குறி போடும். புதிதாக வந்த வரிக்கு முன்னால் கூட்டல் குறி போடும். மாறாத வரியைக் கண்டுகொள்ளாது. இதை எழுதப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். துறைமுகத்துப் பக்கம் ஓர் அலுவலகத்தில் சரக்குப் பட்டியல்களைச் சரிபார்க்கிற வேலை எனக்கு. கன்டெய்னர் நம்பர் ஒன்று மாறினாலும் என் தலைதான் உருளும். கண்ணால் ஒப்பிட்டு ஒப்பிட்டு வெறுத்துப்போய், அங்கே இங்கே பார்த்துக் கற்றுக்கொண்டு எனக்காக எழுதிக்கொண்டது அது.

அதை, பர்மாவில் நாங்கள் இருக்கிற தாமுவே பேட்டையில், எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிற டயாலிசிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனதும் நான்தான். யாரோ புண்ணியவான்கள் சேர்ந்து நடத்துகிற இலவச நிலையம். ஆறு மிஷின். ஆளுக்கு வாரத்தில் இரண்டு முறை என்று முப்பத்தாறு பேருக்கு இடம் உண்டு. அதற்கு மேல் வருகிறவர்கள் காத்திருக்க வேண்டும். என் அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன வாரமே அங்கே போய்ப் பெயர் பதிந்தேன். அப்போது அண்ணன் நாற்பத்தேழாவது ஆள்.

பெயர் பதிந்த அன்று, அங்கே பொறுப்பில் இருந்த நர்ஸ் முந்தின நாள் பட்டியல், அன்றைய பட்டியல் என்று இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடிக்கோலை நகர்த்தி நகர்த்தி ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். பர்மாக்காரர், அறுபதை நெருங்கியவர். நர்ஸையும் டீச்சரையும் இங்கே சயாமா என்றுதான் கூப்பிடுவோம். "சயாமா, இதுக்கு என்கிட்ட ஒரு சாமான் இருக்கு. தினம் காலையில வந்து செஞ்சு கொடுத்துட்டு ஆபீஸ் போறேன்" என்றேன். பர்மிய மொழியில்தான் சொன்னேன். அவரோடு பேசியது எல்லாமே அந்த மொழியில்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். உதவி செய்யத்தான் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். பாதி பொய். பட்டியலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். அண்ணன், அண்ணி, நான் என்று மூன்று பேர்தான் வீட்டில். அண்ணனுக்குத் தாமுவே மார்க்கெட்டில் வெங்காயக் கடை. உடம்பு படுத்த பிறகு அண்ணிதான் கடையில் உட்கார்ந்தாள். வாரம் ஒருமுறை பணம் கட்டி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டுவருவார் அண்ணன். ஒருமுறை போதாது, இரண்டு முறையாவது வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்தாம் நாள், ஆறாம் நாள் ஆனால் கால் வீங்கிவிடும், படுத்தால் மூச்சு முட்டும், நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குவார். இலவச நிலையத்தில் அந்த இடம் கிடைத்தால் அவர் இன்னும் சில வருஷம் இருப்பார். கிடைக்காவிட்டால் இருக்க மாட்டார். எங்கள் வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மூன்று பேருக்கும் தெரியும்.

இடம் கிடைத்தவர்களுக்கும் காத்திருப்பவர்களுக்கும் பட்டியல் ஒன்றுதான். ஒரு வரிக்கு ஓர் ஆள். பெயர், பதிந்த தேதி, போன் நம்பர். தேடுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று பெயர்களை ஆங்கில அகரவரிசையில் அடுக்கியிருந்தார் சயாமா. பதிந்த தேதிப்படி முதல் முப்பத்தாறு பேருக்கு இடம், மற்றவர்கள் காத்திருப்பவர்கள். ஒரு வரி போனால் அவருக்குப் பின்னால் பதிந்தவர்கள் ஒரு படி முன்னால் வருவார்கள். வரி எப்படிப் போகும்? யாரோ ஓரிருவர் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையிடம் போனார்கள். மற்றபடி எல்லோரும் ஒரே வழியாகத்தான் போனார்கள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் தினமும் காலையில் மற்றவர்களின் சாவை எதிர்பார்த்துத்தான் அந்த ஸ்கிரிப்டை ஓட்டினேன். முதல் வாரம் ஒரு கழித்தல் குறி வந்தபோது அந்தப் பெயரை இரண்டு முறை படித்தேன். நான்காவது வாரத்தில் வெறும் எண்ணிக்கையாகிவிட்டது. நாற்பத்தாறு, நாற்பத்தைந்து, நாற்பத்து நாலு. போனவர்களில் ஒருவர் என் அலுவலகத்துக்குப் பக்கத்து மாடியில் டைப்பிஸ்டாக இருந்தவர் என்று பிற்பாடுதான் தெரிந்தது. தெரிந்தபோதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்ற வேண்டும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன், பிறகு பஸ் பிடிக்கப் போய்விட்டேன்.

கலர் கேட்டது சயாமாதான். அவருக்கு ஒரு கண்ணில் புரை விழுந்திருந்தது. "அக்கோ, இந்தச் சின்னக் கோடும் சிலுவையும் எனக்கு ஒண்ணாவே தெரியுது. கலர் போட முடியாதா?" என்றார். அக்கோ என்றால் அண்ணன். என்னைவிடப் பத்து வயது பெரியவர் என்னை அப்படிக் கூப்பிட்டது மரியாதைக்காக. முடியாது என்று எப்படிச் சொல்வது? போன வரிக்குச் சிவப்பு, வந்த வரிக்குப் பச்சை என்று வைத்தேன். எழுத்துக்கு முன்னால் ஒரு குறியீட்டைச் சேர்த்து அனுப்பினால் திரை அதைப் புரிந்துகொண்டு நிறம் மாற்றும். சிவப்புக்கு முப்பத்தொன்று, பச்சைக்கு முப்பத்திரண்டு. வரி முடிந்ததும் பூஜ்யம் அனுப்பிப் பழைய நிறத்துக்குத் திருப்ப வேண்டும். அந்தப் பூஜ்யத்தை நான் மறந்துவிட்டதால் முதல் நாள் திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. சயாமா பயந்துபோய் எழுந்தே விட்டார்.

அடுத்த நாள் இன்னொரு கூத்து. பட்டியலில் வந்த மாற்றங்களை ஒரு தாளில் அச்சடித்து வாசல் சுவரில் ஒட்டுவது நிலையத்தின் வழக்கம், காத்திருக்கிற குடும்பங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று. பிரிண்டருக்குக் குறியீடு எங்கே புரியும்? நிறத்துக்குப் பதிலாக அந்த எண்களையே அச்சடித்துவிட்டது. செத்துப்போன இரண்டு பேருக்கு முன்னால் ஒரு சதுர அடைப்பும் முப்பத்தொன்று என்ற எண்ணும் இருந்தன. நான் சாயங்காலம் வந்தபோது வாசல் காவல்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "உங்க நம்பர் வரலையே" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இங்கே தினமும் இரண்டு இலக்க லாட்டரி ஆடுகிறார்கள். பாம்பு கனவில் வந்தாலும் எண், பஸ் மோதினாலும் எண். இறந்தவர்கள் இரண்டு பேரும் ஒரே எண்ணைச் சொல்லியிருக்கிறார்கள் என்று அந்தத் தெருவே முப்பத்தொன்றில் பணம் கட்டியிருந்தது. இறந்தவர்களில் ஒருவரின் மருமகனும் கட்டியிருந்தான்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. தாளைக் கிழித்துவிட்டு உள்ளே போய் ஸ்கிரிப்டைத் திருத்தினேன். கலர் வேண்டுமா வேண்டாமா என்பதை ஓட்டுகிறவர் சொல்லலாம் என்று ஓர் ஆப்ஷன் வைத்தேன். எப்போதும், ஒருபோதும் வேண்டாம், நீயே பார்த்துக்கொள் என்று மூன்று வகை. ஒன்றும் சொல்லாவிட்டால் மூன்றாவது. எழுத்து திரைக்குப் போகிறதா, பிரிண்டருக்குப் போகிறதா என்று ஸ்கிரிப்டே பார்த்து, திரைக்கு மட்டும் நிறம் காட்டும். அதன்பிறகு சுவரில் வெறும் கழித்தலும் கூட்டலும்தான் வந்தன. காவல்காரருக்குத்தான் வருத்தம்.

அந்த வாரமே யாரும் கேட்காத இன்னோர் ஆப்ஷனையும் சேர்த்தேன். சிவப்பு மட்டும். அதைக் கொடுத்தால் பச்சை வரிகள் திரையில் வராது, போனவர்கள் மட்டும் வருவார்கள். புதிதாகப் பதிகிறவர்கள் அண்ணனுக்குப் பின்னால் வருகிறவர்கள், அவர்களைப் பார்த்து எனக்கு என்ன ஆகப்போகிறது? நான்கே வரி. எந்த ஆப்ஷன் எதற்கு என்று கேட்டால் ஸ்கிரிப்டே ஒரு விளக்கப் பட்டியல் காட்டும். மற்றதற்கெல்லாம் பர்மிய மொழியில் விளக்கம் எழுதியிருந்தேன். இதற்கு மட்டும் 'அண்ணனுக்காக' என்று தமிழில் எழுதினேன். அந்தக் கட்டடத்தில் என்னைத் தவிர யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது.

அதிலிருந்து தினமும் ஏழு மணிக்கு முன்னால் போவேன். சிவப்பு மட்டும் என்று ஓட்டிப் பார்ப்பேன். பிறகு சுவருக்கான தாளைப் பிரிண்டருக்கு அனுப்பிவிட்டு, அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் ஆபீஸ் போய்விடுவேன். ஒட்டுவது காவல்காரரின் வேலை.

வெயில் காலம் முடிகிறபோது அண்ணன் முப்பத்தேழாவது ஆள் ஆனார். அடுத்து ஓர் இடம் காலியானால் அவருக்குத்தான். போன் டவர் பாதி நாள் வேலை செய்யாது என்பதால் நிலையத்தில் ஒரு விதி உண்டு. காத்திருப்பவர்களில் முதல் ஐந்து பேர் தினமும் காலை ஏழரைக்கு வந்து கூடத்தில் உட்கார வேண்டும். இடம் இருந்தால் பெயரை மூன்று முறை கூப்பிடுவார்கள். வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும், வராதவர் பத்துப் பேருக்குப் பின்னால் தள்ளப்படுவார். கொடுமையான விதிதான். ஆனால் வராதவர்கள் பெரும்பாலும் செத்துப்போயிருந்தார்கள். அண்ணன் ஒன்பது நாள் போய் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கைலியை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு போவார். "இன்டர்வியூக்குப் போறாரு உங்கண்ணன்" என்று அண்ணி கேலி செய்வாள்.

பத்தாவது நாள் காலையில் ஸ்கிரிப்டை ஓட்டினேன். ஒரே ஒரு சிவப்பு வரி. அண்ணனுடைய பெயர்.

ஆளை அப்போதுதான் வீட்டில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஆகவே சாகவில்லை. அப்படியென்றால் எடுத்துவிட்டார்கள். நான் பட்டியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பற்றி யாரோ மேலே எழுதிப்போட்டிருப்பார்கள், வேண்டியவருக்கு இடம் பிடிக்கிறான் என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். அழுகையோ ஆத்திரமோ எதுவும் இல்லை. திரையில் அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுத்துப் பிழை இல்லாமல், எங்கள் அம்மா வைத்த பெயர், சிவப்பாக இருந்தது.

சயாமா நாலு அடி தள்ளி ஒரு நோயாளிக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார். எழுந்து போய்க் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். கேட்கவில்லை. இந்த ஊரில் ஆனாடே என்று ஒன்று இருக்கிறது. ஒருவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூசுவது, அவரைச் சங்கடத்தில் நிறுத்தக் கூசுவது. பசித்தாலும் பசிக்கவில்லை என்பார்கள், காலை மிதித்தவனிடமும் பரவாயில்லை என்பார்கள். நாலு தலைமுறையாக இங்கே இருக்கிறோம், அது எங்களுக்கும் ரத்தத்தில் ஊறிவிட்டது. என் சொந்த அண்ணனுக்காக அவரிடம் போய் ஏன் எடுத்தீர்கள் என்று எப்படிக் கேட்பது, அவர் முகம் எப்படி மாறும், மேலிடத்து உத்தரவு என்று சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்றெல்லாம் யோசித்தேன். பிறகு தாளைப் பிரிண்டருக்கு அனுப்பிவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இன்னிக்குப் போகாத. அங்க தண்ணி மோட்டாரு ரிப்பேரு. மூணு நாளைக்கு மிஷின் ஓடாதாம்" என்றேன்.

எங்கிருந்து அந்த மோட்டார் வந்தது என்று எனக்கே தெரியாது. கூடத்தில் மற்ற நாலு பேருக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்து, உன் பெயர் இல்லை என்று யாராவது சொல்ல, அதை அவர் கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். மூன்று நாளில் ஏதாவது வழி பார்க்கலாம் என்றும் நினைத்தேன். அண்ணன் செருப்பைக் கழற்றினார். "அப்ப அங்க மிஷின்ல இருக்கிறவங்க பாடு?" என்று கேட்டார். அவர்களை வேறு இடத்துக்கு அனுப்புகிறார்கள் என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன். சட்டையை அவர் மறுபடி ஹாங்கரில் மாட்டினார்.

மூன்று நாளும் நான் ஸ்கிரிப்டை ஓட்டினேன். வழி ஒன்றும் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு சிவப்பு வரி வந்தது. யாரோ ஒருவர் போய்விட்டார், ஓர் இடம் காலி. எங்களுக்கு இனி அதில் பங்கில்லை என்று நினைத்து, பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

நான்காம் நாள் சயாமாவே என்னிடம் வந்தார்.

"அக்கோ, உங்க அண்ணன் ஏன் வரலை? முந்தாநாள் மூணு தடவை கூப்பிட்டேன். வாசலுக்கும் போய்க் கூப்பிட்டேன்."

"அவர் பேரைத்தான் எடுத்துட்டீங்களே, சயாமா."

"எடுக்கலையே. கார்டுல இருக்கிற பேரை மாத்திப் போட்டேன். எல்லாரும் கார்டுல உள்ளபடிதான் இருக்கணும்னு மேல சொல்லிட்டாங்க. நீங்கதானே தினம் பட்டியல் பாக்கறீங்க, உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

எங்கள் ஆட்களில் பலருக்கு இரண்டு பெயர். வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்று பிறந்த கிழமை என்ன என்று டீச்சர் கேட்டு, அதற்குப் பொருத்தமாக வைத்துவிடுகிற பர்மியப் பெயர் இன்னொன்று. அரசாங்கக் கார்டில் அதுதான் இருக்கும். எனக்கும் அப்படி ஒன்று உண்டு, ஆபீஸில் அதை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். அண்ணனை அப்படி யாரும் கூப்பிட்டதே இல்லை. மார்க்கெட்டில் பர்மாக்காரர்கள்கூட அவரைத் தமிழ்ப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நிலையத்தில் படிவம் நிரப்பிய அன்று என் கை தானாக வீட்டுப் பெயரை எழுதிவிட்டது. அவருக்கு இன்னொரு பெயர் இருப்பது எனக்கு ஞாபகமே வரவில்லை.

அந்த நாளின் இரண்டு கோப்புகளையும் எடுத்து, எந்த ஆப்ஷனும் கொடுக்காமல் ஓட்டினேன். மேலே சிவப்பில் எங்கள் அம்மா வைத்த பெயர் வந்தது. கீழே பச்சையில் டீச்சர் வைத்த பெயர் வந்தது. அதே தேதி, அதே போன் நம்பர். வெளியே போய்ச் சுவரைப் பார்த்தேன். மூன்று நாளைக்கு முந்திய தாள் இன்னும் கிழிக்கப்படாமல் இருந்தது. கழித்தலும் கூட்டலுமாக இரண்டு வரியும் அதில் இருந்தன. நான் அச்சடித்த தாள்தான். அதற்குப் பக்கத்தில் தினமும் இரண்டு முறை நடந்திருக்கிறேன்.

அந்த இடம் முப்பத்தெட்டாவதாக இருந்த ஒரு டீச்சரம்மாவுக்குப் போய்விட்டது. அவர் அப்போது உள்ளே மிஷினில் படுத்திருந்தார். சயாமா என் முகத்தைப் பார்க்காமல், "விதிய மாத்தினா மத்தவங்க கேப்பாங்க, அக்கோ" என்றார். நான் பரவாயில்லை என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வீட்டில் போய் இன்னொரு பொய் சொன்னேன். மோட்டாரை மறுநாளே சரி பண்ணிவிட்டார்களாம், சயாமா எனக்குச் சொல்ல மறந்துவிட்டாராம், அதற்குள் கூப்பிட்டு வேறு ஆளுக்குப் போய்விட்டது என்று. அண்ணிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஒரு வார்த்த சொல்றதுக்கு அந்தம்மாவுக்கு வாய் வலிக்குமா? இவரு தினம் போயி நாய் மாதிரி காத்துக்கிடந்தாரே" என்று கத்தினாள். அண்ணன் அவளைக் கையமர்த்தினார். "சரி விடு. வேணும்னா செஞ்சாங்க? அடுத்தது வரும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ என்னடா செத்தவன் மாதிரி நிக்கற, போயி சாப்பிடு" என்றார்.

அடுத்தது வரவில்லை. மழைக்காலத்தில் அவர் மூன்றாவதாகக் காத்திருந்தபோது ஒரு பகல் நேரம், வெங்காய மூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு கடை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர், மூச்சுவிட முடியாமல் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் ஆபீஸிலிருந்து வந்து எல்லாக் காரியமும் செய்தேன். வண்டிக்குச் சொன்னேன், ஐயருக்குச் சொன்னேன், இறப்புப் பதிவுக்கு அவருடைய கார்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே அந்தப் பர்மியப் பெயரைச் சத்தமாகப் படித்து இவர்தானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். யாருக்கோ வேலை செய்கிற மாதிரி இருந்தது.

பதினாறு நாள் கழித்து நிலையத்துக்குப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் காலை ஆறரைக்குக் கால் தானாக அந்தப் பக்கம் போயிற்று. சயாமா காவல்காரரை அனுப்பி எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார்.

"உங்க அண்ணி மார்க்கெட்ல என்னைத் திட்டுறாங்களாம். காதுக்கு வந்துச்சு" என்றார். "திட்டட்டும். பேரை மாத்தினப்பவே உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். தப்பு என்னோடதுதான், அக்கோ. தினம் கும்பிடறப்ப அவரை நினைச்சுக்கறேன்."

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. தெரிந்தும் சொல்லவில்லை.

அவரே பேச்சை மாற்றினார். நான் வராத நாட்களில் அவரே ஸ்கிரிப்டை ஓட்டிப் பழகியிருந்தார். கற்றுக்கொள்வதற்காக அந்த விளக்கப் பட்டியலைத் திரையில் வரவழைத்துப் பார்த்திருக்கிறார். இப்போதும் அதை வரவழைத்து, கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு, விரலைத் திரையில் வைத்தார்.

"எல்லாம் படிச்சுப் பாத்துட்டேன். இது ஒண்ணுதான் புரியலை. நான் இதைக் கேக்கலையே. இது உங்க எழுத்தா?"

"ஆமா, சயாமா."

"என்ன எழுதியிருக்கு?"

கலரைப் பற்றிய குறிப்பு என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார். ஆனால் எனக்குப் பொய் அலுத்துவிட்டது. நல்ல புத்தி வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம், வெறும் அலுப்புதான்.

"அண்ணனுக்காகன்னு எழுதியிருக்கு. இதைப் போட்டா செத்தவங்க பேரு மட்டும் வரும். பச்சை வராது. தினமும் நான் இதைப் போட்டுத்தான் பாத்தேன். அன்னிக்கும் இதைப் போட்டுத்தான் பாத்தேன். நீங்க மாத்தின பேரு எனக்குத் தெரியலை. எடுத்துட்டீங்கன்னு நினைச்சேன். உங்ககிட்ட கேக்கக் கூசிச்சு. அவரை வர வேணாம்னு சொன்னது நான்தான்."

சயாமா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். உள்ளே மிஷின் ஒன்று கீச்சென்று கத்தியது. எழுந்து போய் அந்தச் சத்தத்தை நிறுத்திவிட்டு, நோயாளியின் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"இதை எடுத்துடுங்க, அக்கோ" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எடுத்தேன். நான்கு வரி. எதைத் திருத்தினாலும் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம், கை அதையும் செய்தது. ஸ்கிரிப்டை அதன் பழைய பிரதியோடு, அந்த ஸ்கிரிப்டையே ஓட்டி ஒப்பிட்டேன். நான்கு சிவப்பு வரிகள் வந்தன. மூன்றாவது வரியில் 'அண்ணனுக்காக' என்பதும் சிவப்பில் இருந்தது. பச்சை ஏதாவது இருக்கிறதா என்று திரையின் அடிவரை பார்த்தேன். இல்லை.

அன்று ஆபீஸ் போகவில்லை. மார்க்கெட்டுக்குப் போனேன். அண்ணி கடையில் உட்கார்ந்து வெங்காயத்தில் அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் சாய்ந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"அண்ணி, சயாமாவ இனிமே திட்டாதீங்க" என்று ஆரம்பித்தேன். மோட்டார் பொய் என்றேன். இரண்டு பெயரையும் சொன்னேன். சிவப்பு என்றால் என்ன, பச்சை என்றால் என்ன, நான் எதை மறைத்துவைத்துக்கொண்டு பார்த்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கம்ப்யூட்டர் பக்கமே போகாதவள், ஒரு இடத்திலும் குறுக்கே கேட்கவில்லை. கை மட்டும் வெங்காயத்தைப் பிரித்துக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு பெண் வந்து அரை விஸ் வெங்காயம் கேட்டாள். அண்ணி நிறுத்துக் கொடுத்து அனுப்பினாள்.

பிறகு, "அந்தப் பச்ச எங்க இருந்துச்சு, தம்பி?" என்று கேட்டாள்.

"கீழ, அண்ணி."

"எவ்வளவு கீழ?"

"அன்னிக்கு மாறினது அது ஒண்ணுதான். அடுத்த வரி" என்றேன்.

அண்ணி தலையாட்டினாள். கையில் இருந்த வெங்காயத்தைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.